ஓட்டுவதற்கா, நிறுத்தி வைப்பதற்கா? பழைய 911-க்கு விலை போடும் கணக்கு

ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நண்பர் ஒருவர் வாங்க ஆசைப்பட்ட 1986 மாடல் போர்ஷே 911 கரேரா 3.2-ஐப் பார்க்கப் போயிருந்தோம். "நாங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முதல் நாளே போனில் சொல்லி வைத்திருந்தேன். காரேஜ் கதவு மேலே ஏறியது. சிவப்புக் கார், பளபளவென்று நின்றது. நண்பர் நேராக முன்பக்கம் போய் அந்த உருண்டை ஹெட்லைட்டைத் தடவ ஆரம்பித்துவிட்டார். நான் பின்பக்கம் போய் இன்ஜின் மூடியில் கை வைத்தேன். சூடு.

"சூடா இருந்தா என்னண்ணே? வண்டி நல்லா ஓடுதுன்னுதானே அர்த்தம்?" என்றார் நண்பர்.

அங்கேதான் சிக்கல். பழைய 911-இன் இன்ஜினில் ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த வாக்கில் இருக்கும். வண்டி சில வாரம் சும்மா நின்றால், கொஞ்சம் ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிந்து உள்ளே தேங்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அது எரிந்து நீலப் புகையாக வரும். சில விநாடியில் நின்றுவிட்டால் கவலையில்லை, அது இந்த இன்ஜினின் சுபாவம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் வால்வ் கைடு தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய இன்ஜினைக் கீழே இறக்கி ஹெட்டைப் பிரிக்க வேண்டும். செலவு பல ஆயிரம் யூரோவுக்குப் போகும். செயின் சத்தம், குளிரில் வரும் திணறல், பேட்டரியின் லட்சணம் எல்லாம் அந்த முதல் ஒரு நிமிடத்தில்தான் வெளியே தெரியும். நாங்கள் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் அத்தனையும் மறைந்துபோகும். விற்பவர் வேண்டுமென்றே செய்தாரா, அக்கறையில் செய்தாரா, தெரியாது. எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போயிற்று.

அந்த வண்டிக்கு அவர் சொன்ன விலை அந்த மாடலுக்கு உச்ச விலை. காரணம் வைத்திருந்தார்: 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பெயின்ட் ஒரிஜினல், இன்ஜின் நம்பர் பேக்டரி ஏட்டில் உள்ளபடியே பொருந்துகிறது. நண்பருக்கு வேண்டியதோ வேறு. பாடன் பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டாட் வரை கருங்காட்டு மலைமேல் போகும் பி500 சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்ட ஒரு கார் வேண்டும். அவர் ஆசைக்கும் இவர் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் எனக்கு அன்று உறைத்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பார்கள். சுழி சரியில்லை என்றால், ஏரில் எவ்வளவு கெட்டியான மாடாக இருந்தாலும் விலை இறங்கிவிடும். வாங்கி விற்கிறவருக்கு அது நஷ்டம். உழுகிறவருக்கு அதைவிட நல்ல மாடு கிடைக்காது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் சந்தையிலும் பாதி விலை சுழிக்குத்தான்.

சந்தை எதற்குக் காசு கொடுக்கிறது

911-ஐ எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இந்த ஒரு கார் வரிசையிலேயே விலையின் எல்லா விளையாட்டையும் பார்த்துவிடலாம். 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பெஜோ கம்பெனி ஆட்சேபிக்க, 911 ஆயிற்று. இரண்டு லிட்டர் இன்ஜின், 130 குதிரைத் திறன். இன்ஜின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும். அதனால் வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும். சிறிது காலம் முன்பம்பருக்குள் இரும்புக் கட்டியை வைத்துக்கூடச் சமாளித்துப் பார்த்தார்கள். 1969 மாடலில் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டிய பிறகுதான் வண்டி கொஞ்சம் அடங்கியது.

ஆக, 1969-க்குப் பிந்தைய வண்டி ஓட்டுவதற்கு நிதானமானது. ஆனால் சந்தையில் முதல் வருடங்களின் குட்டை வண்டிக்குத் தனி மவுசு. முதலில் வந்தது, குறைவாக மிஞ்சியிருப்பது என்பதற்காகவே அந்த விலை.

1973 மாடல் கரேரா ஆர்எஸ் 2.7 இன்னொரு கதை. பந்தயத்தில் கலந்துகொள்ள 500 வண்டி தயாரித்தாக வேண்டும் என்பது விதி. இத்தனையும் விற்குமா என்ற சந்தேகத்தோடு ஆரம்பித்து, கடைசியில் 1,580 வண்டி தயாரித்தார்கள். 210 குதிரைத் திறன், வாத்து வால் மாதிரி தூக்கிய பின்மூடி. இன்று அசல் ஆர்எஸ் வண்டியின் விலை சாதாரண ரசிகனின் கணக்குக்குள்ளேயே வராது. அடுத்து வந்த 1974 முதல் 1977 வரையிலான 2.7 லிட்டர் வண்டிகள் ரொம்ப நாள் தள்ளுபடி விலையில் கிடந்தன. மெக்னீசியம் இன்ஜின் கூட்டிலிருந்து ஹெட் போல்ட்டுகள் பிடுங்கிக்கொண்டு வரும் வியாதி அவற்றுக்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் சந்தையின் பயமும் ஓட்டுகிறவரின் பயமும் ஒன்றுதான்.

1978-இல் வந்த எஸ்சி மாடலில் மூன்று லிட்டர் அலுமினிய இன்ஜின். கெட்டி. ஆனால் அந்தச் சமயத்தில் கம்பெனிக்கே 911 மேல் நம்பிக்கை போயிருந்தது. முன்பக்கம் இன்ஜின் வைத்த 928-தான் எதிர்காலம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1981-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முத் பாட்டின் அறைக்குப் போனார். சுவரில் இருந்த வரைபடத்தில் 911-இன் கோடு மட்டும் பாதியில் நின்றிருந்தது. மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டைத் தாளின் ஓரத்தையும் தாண்டிச் சுவர்மேல் இழுத்துவிட்டார். அதன் பலன்தான் 1984 முதல் 1989 வரை வந்த கரேரா 3.2. ஐரோப்பிய வண்டியில் 231 குதிரைத் திறன். அமெரிக்காவுக்குப் போனதில் முதலில் 207, 1987 மாடலிலிருந்து 217.

அடுத்து வந்த 911 தலைமுறைக்கு 964 என்று பெயர், அதற்கு அடுத்ததற்கு 993. 1998-இல் 993 நின்றதோடு காற்றில் குளிரும் இன்ஜின் முடிந்துபோயிற்று. அடுத்த 996 தண்ணீரில் குளிர்வது. ஹெட்லைட் பொரித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கிண்டல் வாங்கியது. இந்தக் கோடு விழுந்த பிறகு சந்தை இரண்டாகப் பிரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பக்தி, அந்தப் பக்கம் பேரம். 993 'கடைசி' என்பதாலேயே விலை ஏறியது. ரொம்ப நாள் யாரும் சீந்தாத 964-உம் பின்னாலேயே ஏறியது. 2009-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சிங்கர் நிறுவனம் 964-களை அடித்தளமாக வைத்து, லட்சக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு புதுசாகச் செதுக்கித் தர ஆரம்பித்ததும் ஒரு காரணம் என்பார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கி வட்டி அடிமட்டத்துக்குப் போனது. காசு வைத்திருந்தவர்கள் அதை எங்காவது போட்டு வைக்க இடம் தேடினார்கள். 2010-களின் முதல் பாதியில் காற்றில் குளிரும் 911-களின் விலை மளமளவென்று ஏறியதற்கு அந்தக் காசும் காரணம். ஓட்டுகிற ஆசை ஒரே வருடத்தில் எல்லாருக்கும் இரட்டிப்பானதா என்ன?

இந்த விலைகளுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கூட்டிப் பாருங்கள்: முதலாவது, கடைசி, எண்ணிக்கை குறைவு, நம்பர் பொருத்தம், அசல் பெயின்ட், குறைந்த கிலோமீட்டர். இதில் எதையாவது ஸ்டியரிங் பிடித்த கை உணருமா? ஒன்றைக்கூட உணராது. நம் ஊரில் ராஜ்தூத் 350 பைக் தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஹெச்டி மாடலா எல்டி மாடலா, இன்ஜின் நம்பர் ஒத்துப்போகிறதா என்று கேட்டு விலை சொல்வார்கள். வண்டி எப்படி இழுக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான்.

கை உணர்வது

சரி, கை எதைத்தான் உணர்கிறது? கரேரா 3.2-இல் பவர் ஸ்டியரிங் கிடையாது. பார்க்கிங்கில் தோள் வலிக்கும். வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் உயிரோடு நெளியும். சாலையின் ஒட்டுப்போட்ட தார், ஈரம், சாய்வு எல்லாம் விரல் வழியாகத் தெரியும். பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்திருக்கும்; கால் பழக ஒரு வாரம் பிடிக்கும். எடை 1,200 கிலோ சுற்றுவட்டாரம்தான், இன்றைய சின்ன ஹேட்ச்பேக்குகள் பலவற்றைவிட இது அதிகமில்லை. வளைவுக்கு முன்னாலேயே நேராகப் பிரேக் பிடித்துமுடித்து, உள்ளே போனதும் மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், பின்னால் இருக்கும் இன்ஜின் எடை டயரை அழுத்த வண்டி தரையில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அந்தத் தாளம் பிடிபட்ட பிறகு மணிக்கு எண்பதிலேயே முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

1986 வரையிலான வண்டிகளில் 915 என்ற கியர்பாக்ஸ். குளிரில் இரண்டாவது கியரை அவசரப்பட்டுத் தள்ளினால் முரண்டு பிடிக்கும், பொறுமையாகக் கொண்டுபோனால் விழும். 1987-இல் வந்த ஜி50 சுலபம். அதனால் விலையும் கூடுதல். எனக்குக் கேட்டால் நல்லபடியாக ஓவர்ஹால் செய்த 915, தேய்ந்த ஜி50-ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் விளம்பரத்தில் 'ஜி50' என்ற மூன்றெழுத்துக்குத்தான் மதிப்பு.

இந்த உணர்வையெல்லாம் தீர்மானிப்பது என்னவென்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். டயரின் வயது. ஷாக் அப்சார்பர். சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்கள். வீல் அலைன்மென்ட். அன்று அந்தச் சிவப்புக் காரின் டயரைக் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3209 என்று இருந்தது. 2009-ஆம் வருடம் முப்பத்திரண்டாவது வாரம். பட்டன் தேயவே இல்லை, பார்க்கப் புதுசு. நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை. அந்த டயரில் ஈரச் சாலையில் 231 குதிரையை அவிழ்த்துவிடுவது தற்கொலை முயற்சி. 'ஓடாத வண்டி' என்ற பெருமைக்குள் இது ஒளிந்திருக்கிறது: ஓடாத வண்டியில் டயர் இறுகும், ஆயில் சீல் காயும், பிரேக் காலிப்பர் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பியிருப்போம். நண்பர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓடோமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி எண் அசையவில்லை. அந்தக் காலத்து மீட்டருக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் நாள்பட்டு உடைந்துபோவது 911 வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், செலவும் பெரிதில்லை. ஆனால் அது எப்போது நின்றது? 62,000-இல் நேற்று நின்றதா, பத்து வருடம் முன்பு நின்றதா? சொன்ன விலையில் கணிசமான பங்கு அந்த ஓர் எண்ணுக்கு. அந்த எண் செத்துப்போய் எத்தனை நாளாயிற்று என்று விற்பவருக்கே தெரியவில்லை.

துருவும் காகிதமும்

பழைய 911-இல் இன்ஜினைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். பயப்பட வேண்டியது துருவைப் பார்த்து. இன்ஜின் வேலைக்கு இன்ன செலவு என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். பாடியைத் திறந்தால் எங்கே முடியும் என்று டிங்கரிங் செய்கிறவருக்கே தெரியாது. 1976 மாடலிலிருந்து முழு பாடியையும் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தார்கள். அதனால் எஸ்சி, 3.2 வண்டிகள் அதற்கு முந்தையவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அதற்காகத் துருவே பிடிக்காது என்றில்லை. கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகடு, ஜாக்கி மாட்டும் இடம், கதவு பூட்டிக்கொள்ளும் தூணின் அடிப்பாகம், முன்பக்கப் பேட்டரி உட்காரும் தட்டு, 964-இலும் 993-இலும் கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம். வலப்பக்கம் வண்டிக்கு அடியில் முன் ஆயில் கூலருக்குப் போகும் குழாய்களையும் பாருங்கள். இந்த இன்ஜினைக் குளிர வைப்பதில் பாதி வேலை ஆயிலுடையது; அந்தக் குழாயின் நட்டு துருவேறி இறுகிவிட்டால் பிரிக்கும்போது மொத்தமாக மாற்ற வேண்டி வரும்.

பெயின்ட் கனத்தை அளக்கும் சின்னக் கருவி சில நூறு யூரோவுக்குள் கிடைக்கும், இரவலும் வாங்கலாம். பேக்டரி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். 300 காட்டினால் மறுபெயின்ட். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி.

இதில் நானும் சூடு பட்டவன்தான். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு பழைய கூபே வாங்கினேன். எந்தக் கம்பெனி, யார் விற்றார் என்பதெல்லாம் வேண்டாம். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் புதுப் பூச்சு. 'எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்' என்று மெச்சிக்கொண்டே பணம் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கட்டாயச் சோதனையில் பரிசோதகர் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங், பொத். அந்தப் 'பொத்' விழுந்த இடத்தில் தகடே இல்லை. கண்ணாடி நாரும் பட்டியும் மட்டும்தான். அந்த வண்டியை நான் ஓட்டியதைவிட வெல்டரிடம் விட்டு வைத்திருந்த நாட்கள் அதிகம்.

சர்வீஸ் புத்தகத்தில் வரிசையாக முத்திரை இருப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். முத்திரை என்பது யாரோ ஆயில் மாற்றினார்கள் என்பதற்கு மட்டும் சாட்சி. நான் கேட்பது பில் கட்டு. தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் மூன்றும் பில்லில் இருக்கும். வருடவாரியாக அடுக்கி வைத்துப் பார்த்தால் ஓடோமீட்டர் பொய் சொல்கிறதா என்பதும், சொந்தக்காரர் பிரச்சினை வந்தால் சரிசெய்தாரா, விட்டுவிட்டாரா என்பதும் தெரிந்துவிடும். எண்ணெய்க் கறை படிந்த, தடித்த ஒரு ஃபைலைப் பார்த்தால் எனக்கு வரும் நிம்மதி, பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்தால் வருவதில்லை.

இன்ஜினுக்கு, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் அரை நாள் வண்டியை விட வேண்டும். கம்ப்ரஷன் மட்டும் அளந்தால் போதாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, காற்றை ஏற்றி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். பத்துக்குள் இருந்தால் நல்லது. ஆறும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பது அதைவிட முக்கியம். கசிகிற காற்று எங்கே 'உஸ்' என்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு

இப்போது கணக்கு. ஜெர்மனியில் பழைய கார்களுக்குப் பள்ளிக்கூட மார்க் மாதிரி 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். 1 என்பது குறையே இல்லாதது, 5 முழுதாகப் பிரித்துக் கட்ட வேண்டியது. ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் தரம் மாறினால் விலை மடங்குக் கணக்கில் மாறும். ஒரு பேச்சுக்கு இரண்டு வண்டி வைத்துக்கொள்வோம். ஒன்று 40,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 1,20,000 யூரோ. இன்னொன்று 2,20,000 ஓடியது, விலை 70,000. இது சந்தை நிலவரம் அல்ல, கணக்குக்காக நானே வைத்த எண்கள்.

வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர், ஐந்து வருடம் ஓட்டுகிறீர்கள். முதல் வண்டி 80,000-க்கு வந்துவிடும். 'குறைவாக ஓடியது' என்ற பட்டம் போய்விடும். அந்தப் பட்டத்துக்காகக் கொடுத்த காசும் போய்விடும். 30,000 யூரோ இறங்கியது என்றால், கிலோமீட்டருக்கு 75 சென்ட். பெட்ரோல் செலவு? நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர், லிட்டர் 1.80 யூரோ என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 22 சென்ட் கூட இல்லை. பெட்ரோலைவிட மூன்று மடங்குக்கும் மேல் மதிப்பு இறக்கத்துக்கே போகிறது. இதைத் தெரிந்துகொண்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுக்க யோசிப்பார். பிறகு எடுக்கவே மாட்டார். அந்த வகை வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் குறைவாக ஓடியிருக்கின்றன.

இரண்டாவது வண்டி 2,60,000-க்குப் போகும். 2,20,000-க்கும் 2,60,000-க்கும் நடுவே யாரும் பெரிய விலை வித்தியாசம் பார்ப்பதில்லை. மிச்சமான 50,000-இல் இன்ஜின் மேல்பாகம், சஸ்பென்ஷன், நல்ல டயர் எல்லாம் செய்தும் கையில் காசு நிற்கும். செய்கிற வேலை ஒவ்வொன்றும் ஓட்டும்போது தெரியும். ஒன்று மட்டும்: அந்த வேலைக்கான பணத்தை வாங்கும்போதே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குப் பணமில்லை என்று பாதியில் நிற்கும் 911-களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விலை குறைவாகக் கிடைக்கும் வண்டிகளில் பல அந்த ரகம்.

ஆக, சுழி சரியில்லாத வண்டியைத் தேட வேண்டும். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வண்டிக்கு ஜெர்மனியில் விலை குறைவு; குதிரைத் திறன் கொஞ்சம் கம்மி, பம்பர் வேறு. ஆனால் வறண்ட மாநிலத்தில் இருந்த வண்டி என்றால் அடித்தகடு சுத்தமாக இருக்கும், டேஷ்போர்டு மட்டும் வெயிலில் வெடித்திருக்கும். நிறம் மாற்றிய வண்டி, ஒழுங்காக மறுபெயின்ட் அடித்த வண்டி, அதே மாடலின் வேறு இன்ஜின் மாட்டிய வண்டி — எல்லாவற்றுக்கும் சந்தை காசைக் குறைக்கும், சாலை குறைக்காது. 964, 993-இல் ஆட்டோமேட்டிக்கான டிப்ட்ரானிக்கும் மலிவுதான். ஆனால் அது எனக்கு வேண்டாம். கியர் போடும் கைவேலைக்காகத்தானே இவ்வளவு பாடு.

காற்றில் குளிர்வதுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு 996 இருக்கிறது. 3.4 லிட்டர், 300 குதிரைத் திறன், 3.2-ஐவிட எல்லா வகையிலும் வேகம், விலையோ அதில் ஒரு பங்குதான். இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங் உடையலாம், சிலிண்டர் சுவர் கீறலாம் என்ற இரண்டு பயங்கள் உண்டு. முதலாவதற்கு மாற்று பேரிங் போட்டுவிடலாம். இரண்டாவதற்கு வாங்கும் முன்பே சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் கீழே இறங்கினால் போர்ஷேயின் இன்னொரு மாடலான 944. நெக்கார்சுல்மில் இருக்கும் ஆவ்டி ஆலையில் கட்டியது. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், எடை இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். டைமிங் பெல்ட்டை மட்டும் காலத்தில் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வ் வளைந்துவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு 911-ஐவிட 944 நல்ல வாத்தியார் என்பேன். இதைச் சொன்னால் 911-காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

நண்பர் அந்தச் சிவப்பு வண்டியை விட்டுவிட்டார். மனசில்லாமல்தான். எட்டு மாதம் கழித்து 1988 மாடல் கரேரா 3.2 டார்கா ஒன்று, அதாவது கூரையின் நடுப்பாகத்தைக் கழற்றக்கூடிய வகை, கிடைத்தது. கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பியது, வெள்ளையாகப் பிறந்து கருநீலமாக மாறியது. 2,30,000 கிலோமீட்டர், இரண்டு ஃபைல் நிறைய பில். காலையில் போனபோது இன்ஜின் பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு புகை விட்டு நின்றது. ஆறு சிலிண்டரிலும் கசிவு நான்கு முதல் ஆறு சதவீதம். நிறம் மாறியதைக் காட்டி நன்றாகவே பேரம் பேசினார். முப்பது வருடம் தாண்டியதால் பழைய வண்டிகளுக்கான ஹெச் நம்பர் பிளேட் கிடைத்தது. இன்ஜின் எவ்வளவு பெரிதானாலும் வருட வரி 192 யூரோவுக்குள். மதிப்பீட்டாளரிடம் காட்டி, தரம் 3 என்று சான்றிதழ் வாங்கி, அந்தத் தொகைக்கே இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்.

முதல் வாரம் ஆயில் பார்க்கத் தெரியாமல் அலறிக்கொண்டு போன் செய்தார். "அண்ணே, குச்சியில ஆயிலே ஒட்டல! காலியாயிடுச்சு போல!"

"இன்ஜின் ஓடுதா, நிக்குதா?"

"நிக்குது. ராத்திரி நிறுத்தினது."

இந்த வண்டியில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். நிறுத்தி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குள் இறங்கிவிடும். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். தெரியாமல் மேலே மேலே ஊற்றினால் ஏர் ஃபில்டர் வழியாக ஆயில் வழியும். நல்லவேளை, ஒரு லிட்டர்தான் ஊற்றியிருந்தார். மறுபடி அளந்தபோது குச்சியின் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் நின்றது. வடிகால் போல்ட்டைத் திறந்து வெளியே எடுக்க அன்று சாயங்காலம் ஒரு வாளியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.